ஊசிக்கு ஒரு குறை வேண்டும்

அந்தப் பெண்ணை வீட்டில் எல்லோரும் ஊசி என்றுதான் கூப்பிடுவார்கள். ஒல்லியாக இருப்பதால் வந்த பெயர். கணக்கியலில் பட்டம் வாங்கியவள். கணினி தெரியும், தட்டச்சு தெரியும், யாரும் எழுப்பாமல் காலையில் எழுந்துகொள்ளவும் தெரியும். இத்தனை இருந்தும் அவளுக்கு வேலை கிடைக்கவில்லை. வேலை கிடைக்காதது அந்த ஊரில் ஒரு பெரிய விஷயமில்லை, முக்கால்வாசி இளவட்டங்களுக்கு அதே கதிதான். ஏன் கிடைக்கவில்லை என்று அவளால் சொல்ல முடியவில்லை, அதுதான் பெரிய விஷயம். அங்கே அது சட்டப்படி தவறு.

சட்டம் வந்த கதை சின்னதுதான். ஒரு காலத்தில், ஊரில் வேலையே இல்லை என்று ஒரு பேச்சு கிளம்பியது. அதைக் கேட்டுப் பொறுப்பில் இருந்தவர்களின் மனம் புண்பட்டுப் போனது. வேலை இல்லையென்றால் யார் தரவில்லை என்று அடுத்த கேள்வி வரும். பிள்ளைகள் சரியில்லை என்று சொல்லிவிட்டால் அந்தக் கேள்வி வராது. ஆகவே தகுதிக்குறை கண்டறியும் மன்றம் என்று ஒன்றை அமைத்தார்கள். சனங்கள் சுருக்கமாகக் குறை மன்றம் என்றார்கள். அவர்களுக்கு மன்றத்தை ரொம்பப் பிடித்துவிட்டது. பக்கத்து வீட்டுப் பிள்ளை ஏன் சும்மா இருக்கிறான் என்பதற்கு எல்லோரும் ஏற்கெனவே ஒரு காரணம் வைத்திருந்தார்கள். அதை உட்கார்ந்து கேட்க இதுவரை ஒரு அலுவலகம் இல்லாமல் இருந்ததுதான் குறை.

முறை எளிமையானது. வேலையில்லாத இளவட்டங்கள் ஒவ்வொருவரும் மன்றத்தின் முன் வந்து தன்னிடம் உள்ள குறையைச் சொல்ல வேண்டும். சோம்பல், திமிர், கூச்சம், எதுவானாலும் சரி. தலைவர் மேஜை மணியை அடிப்பார், எல்லோரும் கைதட்டுவார்கள், விஷயம் முடிந்தது. அதற்கப்புறம் தெருவில் யாரும் வழிமறித்து இன்னும் வேலை கிடைக்கலையா என்று கேட்க மாட்டார்கள். சோம்பேறி என்று தீர்ப்பாகிவிட்ட பையன்கள் நிம்மதியாக டீக்கடையில் உட்கார்ந்திருப்பதை ஊசியே பார்த்திருக்கிறாள். பொறாமையாகக்கூட இருந்தது.

வம்பு எல்லாம் குறை அகப்படாதவர்களுக்குத்தான். மூன்று அமர்வுக்குள் ஒருவரிடம் குறை கிடைக்கவில்லையென்றால் மன்றம் அவர் வீட்டைப் பார்க்கும். வளர்த்தவர்களில் யார் சம்பாதிக்கிறார்களோ அவரைக் கூப்பிட்டு, குறையை அவரிடம் கண்டுபிடிக்கும். பின்தெருப் பையன் ஒருவனுக்கு அப்படித்தான் ஆனது. ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த அவன் அம்மாவை வேலையை விட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த வீட்டு ஜன்னல் அதற்கப்புறம் திறக்கவே இல்லை. ஊசி அந்த வழியாகப் போவதையே விட்டுவிட்டாள்.

ஏனென்றால் அவள் வீட்டிலும் சம்பாதிப்பவர் ஒருவர்தான். அப்பா லிப்ட்காரர். அதுவும் எந்தக் கட்டடத்தில் என்றால், ஒன்பதாவது மாடியில் குறை மன்றம் உட்கார்ந்திருந்த அதே கட்டடத்தில்.

பழைய லிப்ட் அது. இரும்புக் கம்பிக் கதவு, பித்தளைக் கைப்பிடி. பித்தானை அமுக்கினால் தானே போய் நிற்கும் சமாசாரமெல்லாம் கிடையாது. கைப்பிடியைச் சரியான நேரத்தில் விட்டால்தான் லிப்ட் மாடித் தரையோடு சமமாக நிற்கும். கொஞ்சம் முன்னே பின்னே ஆனால், இறங்குகிறவர் தடுக்கி விழ வேண்டியதுதான். லிப்ட்காரர் ஸ்டூலில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தபடி மாடி எண்ணை மட்டும் சொல்ல வேண்டும், ஏறுகிறவர்களின் முகத்தைப் பார்க்கக் கூடாது என்பது அங்கே விதி. அதிகாரிகளுக்குத் தங்களைப் பார்க்கிற ஆட்கள் முன்னால் நிம்மதியாக மூக்கைத் துடைக்க முடியவில்லை என்று யாரோ புகார் செய்ததிலிருந்து வந்த விதி.

முதல் அமர்வுக்கு ஊசி அந்த லிப்டில்தான் ஏறினாள். அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய பிடரியில் வேர்த்திருந்தது. ஒன்பதாவது மாடி என்று, ஊரார் யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார். ஊசி இறங்கும்போது கதவைச் சாத்தும் சாக்கில் அவள் பையை ஒரு தடவை தொட்டார், அவ்வளவுதான்.

மன்றத்தின் கூடத்தில் நீளமான மேஜை. நடுவில் தலைவர், ஒரு பக்கம் கணக்கு உறுப்பினர், இன்னொரு பக்கம் அண்மையில் சேர்ந்த புது உறுப்பினர். எதிரே சாட்சி சொல்ல வந்த தெருக்காரர்கள், கல்யாண வீட்டுக்கு வந்த மாதிரி சிங்காரித்துக்கொண்டு வந்திருந்தார்கள். தலைவர் எழுந்து தொடக்கவுரை ஆற்றினார். அதை அவர் தினமும் ஆற்றுவார், தினமும் அவருக்கே அது புதிதாக இருக்கும்.

"வேலை இல்லன்னு சொல்றவங்கள என்கிட்ட அனுப்புங்க" என்றார் தலைவர். "இந்த மன்றத்தையே எடுத்துக்குங்க. கொஞ்ச நாள் முன்னாடி இப்படி ஒண்ணு இருந்ததா? இன்னைக்கு இதுல எத்தனை பேர் வேலை பாக்குறோம்? நான் இருக்கேன், என் மச்சான் இருக்கார், மச்சானோட தம்பி கீழ வண்டி நிறுத்துற இடத்தைப் பாத்துக்கறார். வேலை எங்களுக்குக் கிடைக்கலையா? எங்க மாமா வந்து கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்தார், அது வேற. ஆனா அவர் வந்தப்போ நாங்க தயாரா இருந்தோம். வீட்டுலயே இருந்தோம். இந்தக் காலத்துப் பசங்க அந்த நேரம் பாத்து வேலை தேடி வெளிய போயிடறாங்க."

கூடம் கைதட்டியது. மச்சான் என்று சொல்லப்பட்ட கணக்கு உறுப்பினர் எழுந்து வணக்கம் சொன்னார்.

ஊசிக்கு முன்னால் கூப்பிடப்பட்டவன் ஒரு பொறியாளன். எட்டு மணி வரை தூங்குவதாக ஒப்புக்கொண்டான். மணி அடித்தது. அவன் கண்ணில் நீர் வழிய எல்லோரையும் கும்பிட்டுவிட்டுப் போனான். அடுத்து ஊசி. உன் குறை என்னம்மா என்று தலைவர் கனிவாகக் கேட்டார். தெரியவில்லை ஐயா என்றாள். ஒவ்வொரு கம்பெனியாக ஏறி இறங்கியதையும், காலியிடம் இல்லை என்று வாசலிலேயே சொல்லி அனுப்பியதையும் சொன்னாள். காலியிடம் இல்லை என்றதும் கூடத்தில் யாரோ அசிங்கமான வார்த்தை பேசிவிட்ட மாதிரி எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

பிறகு சாட்சிகள். சித்தப்பா எழுந்து, பெண் வாயே திறக்க மாட்டாள், அதனால்தான் வேலையில்லை என்றார். பக்கத்து வீட்டு அக்கா, இவள் வாய் ஓயவே ஓயாது, அதுதான் காரணம் என்றாள். மாடி வீட்டு ஓய்வுபெற்ற வங்கிக்காரர், படித்தது பத்தாது என்றார். துணி தேய்ப்பவர், படிப்பு ரொம்ப ஜாஸ்தி, அதுதான் தலைக்கு ஏறிவிட்டது என்றார். சின்ன வேலைக்குப் போக மாட்டேன் என்கிறாள் என்று ஒருத்தி சொல்ல, எந்த வேலை என்றாலும் போகிறேன் என்கிறாள், பொம்பளைப் பிள்ளைக்கு ஒரு மானம் மரியாதை வேண்டாமா என்று இன்னொருத்தி பொங்கினாள். எல்லோரும் உண்மையாகவே கோபமாக இருந்தார்கள். இந்தப் பெண்ணால் தங்கள் வீட்டுக்கு என்ன நஷ்டம் என்று அவர்களில் ஒருவருக்கும் தெரியாது.

கணக்கு உறுப்பினர் எல்லாவற்றையும் கரும்பலகையில் எழுதினார். மன்றத்தின் விதிப்படி, ஒன்றுக்கொன்று எதிரான குறைகள் ஒன்றையொன்று அடித்துவிடும். வாய் பேசாததும் வாயாடியும் அடிபட்டன. படிப்புக் குறைவும் படிப்பு மிகுதியும் அடிபட்டன. அப்படியே ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டு வந்தார். கடைசியில் பலகையில் ஒன்றும் மிஞ்சவில்லை. சாக்பீஸைப் பிடித்தபடி அவர் வெறும் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

தலைவர் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார். அவர்களும் பயப்படுகிறார்கள் என்று ஊசிக்கு அப்போதுதான் புரிந்தது. அது அவளை இன்னும் பயமுறுத்தியது.

புது உறுப்பினர் மெதுவாக வாயைத் திறந்தார். "ஐயா, இந்தப் பொண்ணுகிட்ட ஒண்ணும் இல்லன்னா, அப்போ உண்மையிலேயே வேலைதான்..."

"அமர்வு முடிஞ்சது" என்றார் தலைவர், மணியை அடித்தார்.

இரண்டாவது அமர்வுக்கு முன் கிடைத்த நாட்களில் ஊசி ஒரு குறையைத் தேடிப் பிடிக்கப் படாதபாடு பட்டாள். நேரம் கழித்துத் தூங்கி எழப் பார்த்தாள். விடிவதற்கு முன்பே விழிப்பு வந்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு படுத்திருந்தாள். திமிராக இருக்கலாம் என்று மளிகைக் கடைக்காரரை முறைத்துப் பார்த்தாள். உடம்பு சரியில்லையாம்மா என்று அவர் கேட்டுவிட்டு ஒரு நாற்காலியை எடுத்துப் போட்டார். அம்மாவிடம் வந்து உட்கார்ந்தாள். நாளெல்லாம் என்னைத் திட்டுவாயே, எதற்கெல்லாம் திட்டினாய், அதில் ஒன்றைச் சொல் என்றாள். அம்மா ரொம்ப நேரம் யோசித்தாள்.

"தெரியலடி" என்றாள் அம்மா. "உனக்கு வேலை கிடைக்கலங்கற கவலையில திட்டினேன். எதுக்குன்னு பாத்துத் திட்டல."

சொல்லிவிட்டு அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். ஊசிக்கு அழுகை வந்தது, ஆனால் அழுதால் அம்மாவும் அழுவாள் என்று எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினாள். அதையும் சுத்தமாகக் கழுவிவிட்டாள் என்பது அப்புறம்தான் உறைத்தது.

கடைசியில் நேரத்துக்கு வராமல் இருப்பது என்று முடிவு செய்தாள். அதுவாவது நேரடியாக அவர்கள் கண்ணில் படுகிற குறை. இரண்டாவது அமர்வன்று வேண்டுமென்றே கடைத்தெருவில் சுற்றிவிட்டு, ஒரு மணி நேரம் தாமதமாக ஒன்பதாவது மாடியில் போய் நின்றாள். கூடத்தில் ஈ காக்காய் இல்லை. உறுப்பினர்கள் அதற்கப்புறம் ஒரு மணி நேரம் கழித்துத்தான் வந்தார்கள். எங்களுக்கு முன்னாடியே வந்து காத்திருக்கிறாளே என்று கணக்கு உறுப்பினர் முகம் சுளித்தார். சுறுசுறுப்பு என்று பலகையில் எழுதினார். அது குறைகளின் பக்கத்தில் இடம்பெறாது என்று தலைவர் சொன்னதும் அழித்தார்.

நான் பொய் சொல்கிறவள் ஐயா என்று ஊசி சொல்லிப் பார்த்தாள். அது உண்மையா என்று தலைவர் கேட்டார். உண்மைதான் என்றாள். அப்படியானால் நீ உண்மை பேசுகிறாய் என்று சொல்லி அதையும் தள்ளிவிட்டார்கள். புது உறுப்பினரின் நாற்காலி காலியாக இருந்தது. அவள் வெளியே வந்தபோது அவர் வராந்தாவில், குறை சொல்ல வந்த இளைஞர்களின் வரிசையில் நின்றுகொண்டிருந்தார். ஊசியைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மூன்றாவது அமர்வில் ஊசியை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. தெருக்காரர்கள் எதிரே வந்து உட்கார்ந்திருந்தார்கள், மேஜையில் கணக்கு உறுப்பினர் மட்டும்தான் இருந்தார். தலைவர் வந்துகொண்டிருக்கிறார், அதற்குள் வீட்டுப் பெரியவரைக் கூப்பிடலாம் என்று சொல்லி, வராந்தாவில் நின்ற பியூனிடம் தலையை ஆட்டினார். லிப்ட்காரரை உடனே மேலே வரச் சொல் என்று உத்தரவு கீழே போனது. உடனே என்றால் உடனே என்று பியூன் தன் பங்குக்குச் சேர்த்துக்கொண்டான்.

அப்பா லிப்டை ஒன்பதாவது மாடிக்குக் கொண்டுவந்து, சமமாக நிறுத்தி, கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்தார். சட்டைப் பித்தானைக் கழுத்துவரை போட்டிருந்தார். நின்ற இடத்தில் சுவரைத் தேடினார். பழக்க தோஷம். ஊசி அவரைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தாள்.

நேரம் போனது. தலைவர் வரவில்லை. எங்கேயோ தூரத்தில் ஒரு மணி விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. அப்பாவுக்கு அது என்ன மணி என்று தெரியும். ஐயா, கீழே யாரோ லிப்டுக்கு நிற்கிறார்கள், போய்க் கூட்டி வரட்டுமா என்று கேட்டார். மன்றத்தின் முன் நிற்கிறவர் நகரக் கூடாது என்றார் கணக்கு உறுப்பினர். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு நின்றது. ரொம்ப நேரம் கழித்துக் கூடத்தின் கதவு திறந்தது. தலைவர் நின்றார். ஒன்பது மாடியையும் நடந்தே ஏறி வந்திருந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது, மூச்சு வாங்கியது. கொஞ்ச நேரம் அவரால் யாரையும் திட்டக்கூட முடியவில்லை.

"லிப்ட்ல ஏன் ஆளில்ல?" என்றார் கடைசியில்.

"மன்றம் கூப்பிட்டுதுங்க ஐயா. உடனே வரணும்னு சொன்னாங்க."

"கூப்பிட்டா வந்துடறதா? பொறுப்புல இருக்கிற ஒருத்தன் யாராவது கூப்பிட்டாங்கன்னு வேலையப் போட்டுட்டு வந்துடுவானா?"

அப்பா வராமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கூடத்தில் இருந்த எல்லோருக்கும் தெரியும். ஊசி எழுந்து, நான்தான் சோம்பேறி ஐயா, நான்தான் திமிர் பிடித்தவள், என்னை எழுதிக்கொள்ளுங்கள் என்றாள். குரல் கீச்சென்று வந்தது. யாரும் அவள் பக்கம் திரும்பவில்லை. கணக்கு உறுப்பினர் பலகையில் பொறுப்பின்மை என்று பெரிதாக எழுதினார். எதிராக எழுத ஒன்றும் இல்லை. மணி அடித்தது. அப்பாவைப் பணியிலிருந்து நீக்கினார்கள். அங்கேயே, அந்த நிமிஷமே, லிப்ட் சாவியை மேஜையில் வைக்கச் சொன்னார்கள்.

சாவியைப் பார்த்ததும் தலைவரின் முகம் மெல்ல மலர்ந்தது. நெற்றியைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"எல்லாரும் பாருங்க" என்றார். "குறை அப்பன்கிட்ட இருந்தது. கண்டுபிடிச்சோம். பொண்ணுகிட்ட ஒரு குறையும் இல்லன்னு இப்போ ருசுவாயிடுச்சு. குறை இல்லாத பிள்ளைக்கு வேலை கிடைக்குமா கிடைக்காதான்னு கேக்குறாங்களே, இதோ, இந்தக் கட்டடத்துலயே ஒரு காலியிடம். லிப்ட்காரி. இந்தப் பொண்ணுக்குத்தான். வேலை இல்லன்னு இனிமே எவனாவது சொல்லட்டும் பாப்போம்."

கூடம் எழுந்து நின்று கைதட்டியது. சித்தப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அக்காவும் வங்கிக்காரரும் வந்து ஊசியின் கையைப் பிடித்துக் குலுக்கி, நாங்கள் அன்றைக்கே சொன்னோமே என்றார்கள். அப்பா சுவரோரமாக நின்று அவரும் கைதட்டினார். மகளுக்கு வேலை கிடைத்தால் எந்த அப்பாவும் தட்டத்தான் செய்வார். வேண்டாம் என்று சொல்ல ஊசி வாயெடுத்தாள். வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அதற்கும் ஒரு குறைப் பெயர் இருக்கிறது என்பது நினைவுக்கு வந்தது. வீட்டில் அடுத்த மாதம் அடுப்பு எரிய வேண்டும் என்பதும் நினைவுக்கு வந்தது. சாவியை எடுத்துக்கொண்டாள்.

அப்பாவின் பணிச்சட்டையை அம்மா இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்துக் கொடுத்தாள். ஊசி ஸ்டூலில் உட்கார்ந்து, சுவரைப் பார்த்து, மாடி எண்களைச் சொன்னாள். முதல் சில நாள் லிப்ட் முன்னே பின்னே நின்று, அவள் உயிர் போய் உயிர் வந்தது. போகப் போகக் கை பழகியது. தெருவில் எல்லோரும் அவளை நிறுத்தி வைத்துத் தங்கள் பிள்ளைகளுக்குக் காட்டினார்கள். முயற்சி செய்தால் முடியும் என்பதற்கு அவள் எடுத்துக்காட்டு ஆகிவிட்டாள். வேலைக்கு வயது வரம்பைத் தளர்த்துங்கள் என்று வருஷக்கணக்கில் கெஞ்சினாலும் தளர்த்தாத ஊர் அது. ஆனால் குறை மன்றத்துக்கு மட்டும் வயது வரம்பைச் சத்தமில்லாமல் எடுத்துவிட்டார்கள். வேலையில்லாத யாரும், எந்த வயதானாலும், இனி மன்றத்துக்கு வரலாம், வர வேண்டும்.

ஒரு நாள் காலையில், கூட்டம் குறைந்த நேரத்தில் யாரோ தனியாக லிப்டில் ஏறினார்கள். ஊசி விதிப்படி சுவரைப் பார்த்தபடி எத்தனாவது மாடி என்று கேட்டாள்.

"ஒம்பதும்மா" என்றார் அப்பா.

அவள் கதவைச் சாத்தினாள். கைப்பிடியைத் திருப்பினாள். லிப்ட் ஏறியது. எட்டாவது மாடி தாண்டியதும், அவளே நினைத்துச் செய்யவில்லை, கை கைப்பிடியை விட்டுவிட்டது. லிப்ட் இரண்டு மாடிக்கும் நடுவில் நின்றது. எதிரே வெறும் செங்கல் சுவர். ஊசி வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து முதல் தடவையாகத் திரும்பி ஒருவர் முகத்தைப் பார்த்தாள். அப்பா இஸ்திரி போட்ட சட்டை போட்டிருந்தார், சவரம் செய்திருந்தார். ஒரு குறை சொல்ல முடியாது. அதுதான் அவளை உலுக்கியது.

"அப்பா, உங்ககிட்ட ஒண்ணும் கிடைக்கலன்னா அடுத்து வீட்டைத்தான் பாப்பாங்க" என்றாள். "வீட்டுல சம்பாதிக்கிறது நான் ஒருத்திதான்."

"தெரியும்மா."

"உங்ககிட்ட என்னப்பா இருக்கு அவங்களுக்குக் கொடுக்க?"

"பயப்படாத. நானும் அம்மாவும் உக்காந்து தேடிட்டோம்" என்றார் அப்பா. "பொண்ணு சம்பளத்துல உக்காந்து சாப்பிடறேன்னு சொல்லப் போறேன். அதை எதை வச்சும் அடிக்க முடியாது."

கீழே மணி அடிக்க ஆரம்பித்தது. எடும்மா, நேரமாகுது, உன் மேல பழி வந்துடும் என்று அப்பா மெதுவாகச் சொன்னார். அவள் கைப்பிடியைப் பிடித்தாள். லிப்ட் ஒன்பதாவது மாடித் தரையோடு சமமாக நின்றது. அப்பா குனிந்து லிப்டும் மாடித் தரையும் சேரும் இடத்தைப் பார்த்து, சரி என்று தலையை ஆட்டிவிட்டு இறங்கிப் போனார்.

ஊசி கதவைச் சாத்தவில்லை. கூடத்திலிருந்து தலைவரின் குரல் கேட்டது, பிறகு அப்பாவின் குரல், என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் மேஜை மணி அடித்தது, எல்லோரும் கைதட்டினார்கள். அதைக் கேட்டதும் அவள் நெஞ்சில் வந்தது நிம்மதி. அப்பாடா என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் அவளுக்குத் தன்னை நினைத்துப் பயமாக இருந்தது. கீழே மணி விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. அவள் கதவைச் சாத்திவிட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்து, லிப்டைக் கீழே இறக்கினாள்.